ரிலீவர் வரும் வரை

மகனே,

விசா வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மணிமங்கலத்தில் நம் தெருவிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற முதல் ஆள் நீ. எதிர் வீட்டம்மா இப்போதே உன் குளிரைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டாள். ஆனால் அதே போனில் இன்னொன்றும் சொன்னாய். உன் நாற்காலிக்கு அடுத்து யார் வரலாம் என்று மேலாளர் உன்னிடமே கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை பெயர் சொல்ல வேண்டும், தண்டலம் கல்லூரியில் உனக்கு நாலு வருடம் பின்னால் படித்த ஒரு பையனைச் சொல்லப்போகிறேன் என்றாய். அப்படியானால் உனக்கு உதவியாளாக இருக்கிற இசக்கி என்ன ஆவாள் என்று கேட்டேன். "ஆரம்பிக்காதம்மா" என்றாய். நாலு காரணத்தை அடுக்கிவிட்டு, வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேசினால் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துவிடுவாய். கடிதத்தை மூடி வைத்தாலும் அது வைத்த இடத்திலேயே இருக்கும், நீ திரும்பி வரும்வரை காத்திருக்கும். உன்னைப்போல ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற நிலையில் உள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களும் இதைப் படிக்கலாம் என்றே எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த நாற்காலி முதலில் ராஜி மேடத்தினுடையது. உனக்கு அது தெரிந்ததுதான், ஆனாலும் தெரிந்த பாடத்தைத் திரும்ப நடத்துவது என் தொழில், பொறுத்துக்கொள். ஒரகடத்தில் கார்களுக்கான மின்னணு போர்டு செய்கிற அந்தக் கம்பெனியில், போர்டுகளைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் ப்ரோகிராம்களை எழுதுகிற அறைக்கு அவர் தலைமை. நீ படிப்பு முடித்து வேலையில் சேர்ந்தபோது அந்த அறையில் இருந்த ஒரே பெண் அவர்தான். வெளியே தயாரிப்பு லைனில் நின்று போர்டுகளைக் கையில் எடுத்து மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பிளஸ் டூ முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துத்தான் தனக்குக் கோபம் பழகிவிட்டது என்று ராஜி மேடம் ஒருமுறை என்னிடம் சொன்னார். காஞ்சிபுரத்தில் படித்து, வகுப்பில் ஒரே பெண்ணாக இருந்து, முதல் வேலையில் டைப் அடிக்க உட்கார வைக்கப்பட்டவர் அவர். முதன்முதலில் எழுதிய ப்ரோகிராமில் மேலே இருந்தவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டாராம். "என் வேலைக்கு என் பேர் வர்றதுக்கு ஆறு வருஷம் ஆச்சு டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் ஓய்வு பெற்ற அந்தக் கோடையில் நீ அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாய். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ரிட்டயர் ஆயி இன்னா பண்றீங்க டீச்சர்?" என்று கேட்டார். டிவி பார்க்கிறேன் என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை ஒரகடம் வந்துடுங்க. பொண்ணுங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கணும்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். நானும் போனேன். பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடம். காலைச் சாப்பாடு முடிந்து மேசைகளைத் துடைத்ததற்கும் மத்தியானச் சோறு இறங்குவதற்கும் நடுவே கிடைத்த நேரம்தான் வகுப்பு. கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டர்களை அவரே கெஞ்சி வாங்கி வந்திருந்தார். மேசையில் சாம்பார் ஈரம் இருந்தால் அடியில் செய்தித்தாள் விரிப்போம்.

அந்த வருடங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். முதல் வகுப்பிலேயே கரண்ட் போய்விட்டது. நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். ராஜி மேடம் சமையல்கட்டுக்குப் போய் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கோடு தூக்கி வந்தார். ஒரு பெண் தட்டை எடுத்து அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். அவள் பார்த்து, நன்றாக இருந்தால் வலது பக்கம், நசுங்கியிருந்தால் இடது பக்கம். தொடர்ந்து மூன்று நசுங்கிய தட்டு வந்தால் மூன்றாமவள் நிறுத்தச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ப்ரோகிராம் என்றார். முதல் மூன்று தட்டுமே நசுங்கியவை. மறுபடி தொடங்கினால் மறுபடியும் அப்படியே. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், இந்த ஆஸ்டல் தட்டுக்கு லைன் ஓடவே செய்யாது." கூடம் முழுக்கச் சிரித்தது. வார்டன் கூடச் சிரித்தார். அதுதான் இசக்கியம்மாள், திருச்செந்தூர் பக்கத்துப் பெண். நான் வகுப்பில் அவளைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். பெருக்கலில் தடுமாறுவாள், கேட்டதையே கேட்பாள், ஆனால் புரியாமல் எழுந்து போகமாட்டாள்.

அந்தக் கூடத்தில் தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். சிலருக்குக் கல்யாணம், சிலருக்கு முதுகு வலி, சிலருக்கு ஓவர்டைம் போகாவிட்டால் ஊரில் தம்பிக்கு ஃபீஸ் இல்லை. ராஜி மேடம் யாரையும் திட்டவில்லை. சோதனை அறையில் காலியிடம் வந்தால் லைனில் இருக்கிற பெண்களுக்கு முதலில் வாய்ப்புக் கொடுங்கள் என்று அவர் மேலாளரிடம் போனதும், டிகிரி இல்லாதவர்களை எப்படி எடுப்பது என்று மேலாளர் திருப்பி அனுப்பியதும் உனக்குத் தெரியும். சரி, டிகிரி வாங்க வைக்கிறேன் என்று தபால் வழிப் படிப்பில் அவர்களைச் சேர்த்தார். படிக்கச் சேர்ந்தால் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்குக் காஞ்சிபுரம் போக வேண்டும். போக லீவு கிடையாது.

லைனைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். லைனில் நிற்கிற பெண்ணின் தலையில் தொப்பி இருக்கும், மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மேசைக்குப் போகும். உடம்பிலிருந்து மின்சாரம் பாய்ந்து போர்டு கெட்டுவிடாமல் இருப்பதற்காக அது. தண்ணீர் குடிக்கப் போவதானாலும் பாத்ரூம் போவதானாலும் ரிலீவர் என்று ஒருத்தி வந்து அந்த இடத்தில் நின்று பட்டையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நகரலாம். ரிலீவர் வராமல் நகர்ந்தால் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் அந்த ஷிப்டில் இருக்கிற எல்லோருக்கும் ஊக்கத்தொகை போகும். பெண்கள் இதை ஒரு சட்டமாக மட்டும் வைத்திருக்கவில்லை. சொல்லாமல் பட்டையைக் கழற்றிவிட்டுப் போனவளோடு விடுதியில் யாரும் சேர்ந்து சாப்பிடமாட்டார்கள்.

ராஜி மேடம் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார். பரீட்சைக்குப் போகிற பெண்ணுக்கு நானே ரிலீவர் என்றார். லைனில் நிற்க ஆபரேட்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து அந்தத் தேர்வையும் எழுதி வாங்கினார். சோதனை அறையில் இருந்த உங்களையும் எழுத வைத்தார். நீ வீட்டுக்கு வந்து, இன்ஜினியர்களுக்குத் தொப்பி மாட்டி அழகு பார்க்கிறது இந்தம்மா என்று முணுமுணுத்தாய், நானும் சிரித்தேன். சூப்பர்வைசர் குமாருக்கு ஆரம்பத்தில் ரொம்பச் சங்கடம். "நீங்க போய் லைன்ல நின்னுகினு இருந்தா பாக்கறவங்க இன்னா மேடம் சொல்வாங்க?" என்று கேட்டாராம். "இன்னா சொல்வாங்க குமார்? லைன் ஓடுதுன்னு சொல்வாங்க" என்று மேடம் தொப்பியை மாட்டிக்கொண்டாராம். குமாரே என்னிடம் சொன்னது இது.

இன்னொரு சம்பவம் உனக்கு நினைவிருக்க வேண்டும், ஏனென்றால் அன்று மறுசோதனைக்கு நீயும்தான் உட்கார்ந்தாய். இசக்கிக்கு ராஜி மேடம் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதக் கொடுத்தார். போர்டை மாட்டினால் கருவி அளந்து பதில் சொல்லும், சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். அவள் எழுதினாள், ஓடியது, எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு நாள் கருவியின் ஒயர் கழன்றுவிட்டது. கருவி பதிலே சொல்லவில்லை. ஃபெயில் என்று வராததால் அவளுடைய ப்ரோகிராம் அத்தனையையும் பாஸ் என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரு ஷிப்ட் முழுக்க. பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் திரும்பச் சோதித்தீர்கள். மேலாளர் அறையில் ராஜி மேடம் நின்றுகொண்டே திட்டு வாங்கினார். லைன் பெண்ணிடம் கொடுத்தால் இதுதான் கதி என்று மேலாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது, இவளுக்கு இது சரிப்படாதோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. வெளியே வந்த ராஜி மேடம் இசக்கியிடம் ஒன்றுதான் சொன்னார். "பதில் வரலன்னா, வரலன்னு எழுது. பாஸ்னு எழுதாத." இசக்கி அன்று சாயந்திரமே அதைத் திருத்தி எழுதினாள். அந்த ப்ரோகிராம் இன்றும் ஓடுகிறது என்று நீதான் சொன்னாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நாம் இருவரும் இரண்டு வருடமாகப் பேசாத நாள்.

இசக்கிக்கு அன்று மத்தியானம் காஞ்சிபுரத்தில் பரீட்சை. அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். அனுப்ப வேண்டிய சரக்கு அதிகம், யாருக்கும் லீவு இல்லை. ராஜி மேடம் அவளை அனுப்பிவிட்டு அவள் இடத்தில் நின்றார். மாலை ஐந்து மணி வாக்கில் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றார். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர் அவர். பாதி நாள் மறந்துவிடுவார், அவர் கணவர் பிறகு சொல்லி அழுதார். குமார் ரிலீவர் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். ஒருத்தி கூட இல்லை. சோதனை அறைக்குப் போன் போட்டார். நீ எடுத்தாய்.

நீ என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இறுதிச் சடங்கு முடிந்து வந்து, குளித்துவிட்டு, அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாய். "ஒரு ரிப்போர்ட் முடிச்சிட்டு வரேன்னு சொன்னேம்மா. அவ்ளோ சீரியஸ்னு எனக்குத் தெரியாது." நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். உனக்குத் தெரிந்திருந்தால் ஓடியிருப்பாய். ஆனால் நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். லைனில் இருக்கிற போன், இரைச்சலுக்காக எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டாய். "இன்னா குமார், எனக்கும் தொப்பி போட்டுப் பாக்கணுமா? மேடம் ஒருத்தங்க பத்தாதா?" என்று நீ சிரித்ததை லைன் முழுக்கக் கேட்டது. மேடமும் கேட்டார். குமார் மறுபடி கூப்பிடப் போனபோது, "வுடு குமார், அவன் வேலைய அவன் பாக்கட்டும். இசக்கி வந்துடும்" என்றாராம்.

அவர் பட்டையைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். மேடம் நின்றால் லைன் நின்றுபோகும் என்று சொல்ல மேலே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள் மகனே. ஒரு தடவை அது நடந்தால் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணையும் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. வாலாஜாபாத்தில் பஸ் நின்றுவிட்டதால் இசக்கி தாமதமாகத்தான் வந்தாள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "பட்டைய மேடமே என் கையில கட்டிவிட்டாவ டீச்சர். அவிய கை சில்லுன்னு இருந்துச்சு. எப்பிடி எழுதுனன்னு கேட்டாவ. நான் ஒவ்வொரு கேள்வியா சொல்லிட்டே நின்னேன். அவிய மூஞ்சிய நான் நிமிந்து பாக்கவே இல்ல." அதைக் கேட்டுவிட்டு நடந்த ராஜி மேடம் கதவுவரை போகவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அரை மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவர் கணவர் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதிலை நானும் கேட்டேன். பிழைத்திருப்பார் என்றும் அவர் சொல்லவில்லை, பிழைத்திருக்கமாட்டார் என்றும் சொல்லவில்லை.

பிணம் எடுப்பதற்கு முன் ராஜி மேடத்தின் கணவர் வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து, பரீட்சை எழுதப் போன பெண் யார் என்று கேட்டார். இசக்கி முன்னால் வந்தாள். அடிப்பார் என்று அவள் நினைத்தாளாம். "நல்லா எழுதினியாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் பேப்பரில் அவள் ஃபெயில். ரிசல்ட் வந்த அன்று நம் வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். சோறு போட்டேன். அடுத்த முறை, சம்பளம் போனாலும் போகட்டும் என்று நினைத்து, சொல்லாமல் லீவு எடுத்துக்கொண்டு போய் எழுதி அதைப் பாஸ் செய்தாள்.

ஸ்பீக்கர் விஷயத்தை எனக்குச் சொன்னது இசக்கி இல்லை. போன வருடம் ஒரு லைனை மூடியபோது ஊருக்குக் கிளம்பிய ஒரு பெண் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்து, போகிற போக்கில் சொல்லிவிட்டாள். எனக்கு முன்னமே தெரியும் என்று நினைத்திருக்கிறாள். நான் இசக்கியிடம் கேட்டேன். "அண்ணன் வேணும்னா செஞ்சாவ? விடுங்க டீச்சர்" என்று பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். இத்தனை நாளும் அந்தப் பெண்கள் உனக்கு வணக்கம் சொல்கிறார்கள், உன் கல்யாணப் பேச்சு வந்தால் கேலி செய்கிறார்கள், ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இசக்கியின் அந்த ப்ரோகிராமை ஒருமுறை நினைத்துப்பார். பதில் வரவில்லை என்பதைப் பாஸ் என்று எடுத்துக்கொள்ளாதே. அதைச் சொல்லிக்கொடுத்தவர் உனக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்.

உன் மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. நீ செய்த நல்லதும் எனக்குத் தெரியும். ராஜி மேடத்தின் நாற்காலிக்கு வந்த பிறகு இசக்கியை உதவியாள் என்ற பெயரில் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே கொண்டுவந்தவன் நீதான். அறையின் பாதி வேலையை அவள்தான் பார்க்கிறாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் கம்பெனிக் கணக்கில் அவள் இன்னும் லைன் ஆள். ராஜி மேடம் போனதும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நின்றுவிட்டது. நான் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன், கணக்கை நடத்தலாம், கம்ப்யூட்டரை நடத்த எனக்குத் தெரியாது. அந்தப் பழைய பெட்டிகளை விடுதிக்காரர் எடைக்குப் போட்டுவிட்டார். விடுதியில் இப்போது பாதிக் கட்டில் காலி. இருக்கிற லைனையும் அடுத்த மாதம் மூடுகிறார்கள், இனி மெஷினே போர்டை மாட்டிக் கழற்றுமாம், உங்கள் சோதனை அறை மட்டும் இருக்குமாம். கடைசிச் சரக்கை அனுப்புவதற்காக இசக்கியையும் இழுத்து மறுபடி லைனில் நிறுத்தியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நீ வேறு பெயர் சொன்னால், அடுத்த மாதம் அவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டியதுதான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த ஒரே ஒருத்தி அவள். அவ்வளவு பாடுபட்ட ஒரு பெண்மணிக்கு மிஞ்சியது அந்த ஒருத்திதான்.

உன் காரணங்களை நான் கேட்டுக்கொண்டேன். டிகிரி முடிக்கவில்லை என்கிறாய். இரண்டு பேப்பர்தான் பாக்கி. நீ சொல்கிற பையன் எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவான், பெண் என்றால் கார் அனுப்பு, துணைக்கு ஆள் அனுப்பு என்று ஆயிரம் இருக்கிறது என்கிறாய். கார் அனுப்புவது கம்பெனியின் வேலை, அவளுடைய குறை இல்லை. அவளுக்கு நாளைக்கே கல்யாணம் ஆகும், போய்விடுவாள் என்கிறாய். நீயும்தான் போகிறாய் கண்ணு. உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தபோது, இவன் ரெண்டு வருடத்தில் ஜெர்மனிக்குப் போய்விடுவான், இவன் வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? எங்கள் பள்ளியில் ஒன்று பார்த்திருக்கிறேன். பையன் தப்புப் போட்டால் அவனுக்கு அந்தக் கணக்கு வரவில்லை என்பார்கள். பெண் தப்புப் போட்டால் பெண்களுக்கே கணக்கு வராது என்பார்கள். நீ அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏழாவது படிக்கும்போது டைபாய்டு வந்து படுத்தாய். உன் அப்பா வெளியூரில். எனக்கு அரசுத் தேர்வு மேற்பார்வை, மறுக்க முடியாத வேலை. எங்கள் தையல் டீச்சர் தலைமையாசிரியரிடம் போய், அவள் பிள்ளை படுத்திருக்கிறான், அவள் ஹாலில் நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். காலில் வீக்கம் உள்ளவர். தேர்வு முடிகிறவரை தினமும் நின்றார். நான் உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாளின் முகம் கூட உனக்கு நினைவிருக்காது. நாம் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் யாரோ ஒருத்தர் நின்றிருக்கிறார்கள். எனக்கு அது வயதான பிறகுதான் உறைத்தது. உனக்குச் சீக்கிரம் உறைக்கட்டும்.

போகாதே என்று நான் இந்தக் கடிதத்தில் ஒரு வரி கூட எழுதவில்லை. போ. நன்றாக இரு. அங்கே நீ வேலை பார்க்கிற அறையில் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் பேசும்போது கேள், அவர்கள் வேலைக்கு அவர்கள் பெயரைப் போடு. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒன்று இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை மத்தியானம் இசக்கிக்குப் பரீட்சை. பாக்கி இருக்கிற இரண்டில் ஒன்று. லைனில் ஆள் இல்லை, லீவு தரமாட்டார்கள். இந்தத் தடவை விட்டுவிடுகிறேன் டீச்சர் என்று நேற்று சொன்னாள். உன்னிடம் கேள் என்றேன். அவள் கேட்கமாட்டாள். அதனால் நான் குமாரிடம் பேசினேன். உன் ஆபரேட்டர் சர்டிபிகேட் இன்னும் செல்லுபடியாகுமாம். "சார் வந்து நிப்பாரா டீச்சர்?" என்று கேட்டார். "தெரியாது குமார்" என்றேன். "வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

சனிக்கிழமை போய் நில். தொப்பியைப் போட்டுக்கொள், பட்டையைக் கட்டிக்கொள். பெண்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கால் வலிக்கும். வாலாஜாபாத்தில் பஸ் நின்றாலும் நிற்கும். அவள் வரும்வரை நகராதே. வந்ததும் நீயே அவள் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, எப்படி எழுதினாய் என்று கேள். அவள் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்வாள், நீளமாகத்தான் சொல்வாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை கேள்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை என்ன பெயர் சொல்வது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

அம்மா
மணிமங்கலம்